ஏழு முடிச்சு விளக்குக் கயிறு

காலை ஐந்து ஐம்பது, தாம்பரம். இருபத்து நான்கு வருடமாகப் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவன் நான். லீவு நாளில் பயணியாக உட்கார்ந்து வருவது எனக்கு ஒத்துவராத காரியம். அந்தக் கண்டக்டர் பையன் விசில் ஊதத் தாமதித்தால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பக்கத்து சீட்டில் அக்கா பிலோமினா. மடியில் துணிப்பை. அதில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஈரத் துணியில் சுற்றிய நான்கு முழம் மல்லிகை. அக்காவுக்கு டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். எனக்குப் பாஸ்.

படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். நாங்கள் இருவரும் பிறந்தது அதற்குப் பக்கத்தில், முசரவாக்கத்தில். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அங்கேதான் அடக்கம் செய்தோம், அப்பாவின் பக்கத்தில். வருட நினைவுக்குப் பூ வைத்து, வத்தி கொளுத்திவிட்டு வருவது வரைக்கும் எனக்குச் சம்மதம். ஆனால் அக்கா இன்னொன்றும் கேட்டாள். அப்பா வேலை பார்த்த பழைய பீர் கம்பெனியை இப்போது மியூசியமாக மாற்றித் திறந்திருக்கிறார்களாம். டிக்கெட் வாங்கினால் சுற்றிக் காட்டுகிறார்களாம். அதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன் என்றேன். காரணம் உண்டு. எனக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதினொன்று, அப்போது அப்பா அந்தக் கம்பெனியின் நாலாம் நம்பர் தொட்டிக்குள் செத்துக் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் அந்தோணி இல்லை, ‘பீர் தொட்டி’. அந்தக் கோபத்திலேயே வளர்ந்தேன். ஒரு சொட்டு தொட்டதில்லை. என் பஸ்ஸில் வாடை அடிக்கிற ஆள் ஏறினால், நடு ரோடானாலும் இறக்கிவிடுவேன். வீட்டில் அப்பா பேச்சு வந்தாலே, “அந்தக் குடிகாரன் கதையை விடு” என்பேன். அம்மா ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள், அவ்வளவுதான்.

அக்கா மட்டும், “அப்பா அன்னிக்குக் குடிக்கல டா. நான்தானே சோறு கட்டிக் கொடுத்தேன்” என்பாள். பதினொரு வயதுப் பிள்ளை சொல்வதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? நானும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இந்த நாற்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் பஸ் ஏறினேன்.

எட்டு மணி, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட். இறங்கின காலோடு, “பட்டுப் புடவை பாக்கறீங்களா சார், தறி விலை” என்று இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அக்கா கட்டியிருந்த பழைய வாயில் புடவையைப் பார்த்ததும் ஒருவர் தானாகவே விலகினார். சின்ன ஓட்டலில் மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி, ஒரு துண்டு முப்பது ரூபாய். அக்கா பாதியை என் இலைக்குத் தள்ளினாள்.

முசரவாக்கம் பக்கம் எட்டு கிலோமீட்டர் என்றும், இருநூற்றைம்பது ரூபாய் என்றும் சொன்னார் ஆட்டோக்காரர் பாபு. கடைசியில் இருநூறுக்கு இறங்கினார். இறங்கினதற்குக் காரணம் வழியில் தெரிந்தது. வண்டியை ஒரு பெரிய புடவைக் கடை வாசலில் நிறுத்தினார்.

“சும்மா பத்து நிமிசம் தல காட்டிட்டு வாங்க சார். வாங்கவே வேணாம். எனக்கு ஒரு டோக்கன் குடுப்பாங்க.”

“நாங்க சாவு வீட்டு நினைவுக்குப் போறோம்பா” என்றாள் அக்கா.

“அய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா மா!” என்று தலையில் தட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். இறங்கும்போது நான் கொடுத்த இருநூறில் இருபதைத் திருப்பிக் கொடுத்து, “பூ வாங்கிப் போடுங்க மா” என்றார். நானும் பஸ்ஸில் மனிதர்களைப் பார்க்கிறவன்தான். இந்த மாதிரி ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஒன்பதரை மணி. கம்பெனி ஊருக்கு இப்பால், வயல்களுக்கு நடுவே நிற்கிறது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, புகைபோக்கி ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குப் பீர் காய்ச்சக் கட்டியது. நடுவில் மதுவிலக்கில் பூட்டிக் கிடந்து, விலக்கை எடுத்தபின் மறுபடி கொஞ்ச காலம் ஓடி, அப்புறம் நிரந்தரமாக மூடியது. புதிதாக யாரோ வாங்கி, புல்தரை போட்டு, சுவருக்குக் கலர் விளக்கு வைத்திருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு நூற்றைம்பது ரூபாய், கடைசியில் ஒரு தம்ளர் மால்ட் பானம் உட்பட. அதில் போதை கிடையாது என்று போர்டிலேயே எழுதியிருக்கிறது.

பத்து மணிச் சுற்றில் எங்களோடு பன்னிரண்டு பேர். சென்னையிலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், மற்றவர்கள். அழைத்துப் போன பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். பெயர் நந்தினி. பிள்ளையார்பாளையத்துக்காரி, வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, ஏனாத்தூரில் படிக்கிறாள், ஞாயிறு மட்டும் இந்த வேலை. இதெல்லாம் அவளே சொன்னது.

முதல் கூடத்தில் பார்லியை நனைத்துப் பரப்பி முளைகட்ட விடுவார்களாம். கல் தரை இன்னும் வழுவழுவென்று இருக்கிறது. அடுத்தது காய்ச்சும் இடம், செம்பில் அடித்த கொப்பரை, ஒரு சின்ன வீட்டு அளவு. மூன்றாவது, நொதிக்க வைக்கும் தொட்டிகள். தரையோடு வாய், உள்ளே ஆழம். ஐந்து தொட்டிகள் சின்னவை. ஒன்று மட்டும் பெரியது. அதன் வாயில் இப்போது கம்பி வலை போட்டு, உள்ளே ஒரு நீல விளக்கு எரிய விட்டிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் வெள்ளையில் எழுதியிருந்தது: 4.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், நகம் பதிந்தது.

“இது எங்க ஸ்டார் அட்ராக்‌ஷன்” என்றாள் நந்தினி. “ஒரு தடவ என்னாச்சுன்னா, இங்க வேல செஞ்சுக்கினு இருந்த ஒருத்தர் ஃபுல்லா ஏத்திக்கினு, இதுக்குள்ளயே விழுந்துட்டாரு. அப்புறம் எடுத்தா, ஆள் போயிட்டாரு. இப்பக்கூட ராத்திரியில உள்ள சத்தம் கேக்குதுன்னு வாட்ச்மேன் சொல்றாரு!”

“கொடுத்து வச்ச சாவு மச்சான்!” என்றான் இளைஞர்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கைக்குழந்தைக்காரர்கூடச் சிரித்தார்.

எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பையன் மேல் இல்லை, நந்தினி மேல் இல்லை. அப்பா மேல். செத்தும் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டாரே மனிதர், நூற்றைம்பது ரூபாய் டிக்கெட்டில்! ‘கிளம்பு அக்கா, போதும்’ என்று கண்ணால் சொன்னேன். அவள் வலைக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பதினொன்றேகால். கடைசிக் கூடம்தான் மியூசியம். பழைய பாட்டில்கள், மூடி அடிக்கும் மிஷின், தராசு. நடுவில் மேஜை மேல், மீன் வளர்ப்பது போன்ற ஒரு கண்ணாடித் தொட்டி. நந்தினி அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் புகைகிற ஐஸ் துண்டுகளைப் போட்டாள்.

“பீர் நொதிக்கறப்போ கேஸ் வரும். அது காத்த விட வெயிட். கலரு கெடையாது, கண்ணுக்குத் தெரியாது, அடியில போய் உக்காந்துக்கும். இந்த ஐஸ்லயும் அதே கேஸ்தான். இப்ப பாருங்க.” கம்பியில் செருகிய மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தொட்டிக்குள் இறக்கினாள். பாதி வரைக்கும் சுடர் நன்றாக எரிந்தது. இன்னும் ஒரு சாண் இறக்கினாள். யாரோ விரலால் கிள்ளி எடுத்த மாதிரி அணைந்தது. மறுபடி கொளுத்தி, மறுபடி இறக்கினாள். அதே இடத்தில் அணைந்தது.

“தொட்டி காலியானதும் உள்ள எறங்கித் தேச்சுக் கழுவணும். எறங்கறதுக்கு முன்னாடி ஒரு வெளக்க தரை வரைக்கும் எறக்கிப் பாப்பாங்க. எரிஞ்சா ஆள் எறங்கலாம். அணைஞ்சா கேஸ் இருக்குதுன்னு அர்த்தம். தெரியாம எறங்குனா ரெண்டு மூச்சுலயே மயக்கம், அவ்ளோதான்.”

அக்கா கேட்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி. “ஏம்மா, குடிக்காத ஆளு எறங்கினாலும் அதே மாதிரிதானா?”

“ஆமா மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்போ அந்த நாலாம் தொட்டியில போனவரு குடிச்சிருந்தாருன்னு யாரு பாத்தாங்க?”

நந்தினி மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தாள். “எனக்குக் குடுத்த பேப்பர்ல அப்டித்தான் மா இருக்குது...”

“அவரு எங்கப்பா. பேரு சவரிமுத்து” என்றாள் அக்கா.

‘கொடுத்து வச்ச சாவு’ என்று சொன்ன பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “சாரி மா, சத்தியமா தெரியாது” என்றான். நந்தினிக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்றவர்களை மால்ட் பானம் தருகிற இடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மா, வாங்க. அந்த வெளக்கு இங்கதான் இருக்குது. கடைசில நாலாம் தொட்டிக்கு எறக்குனது அதான்னு சொல்லுவாங்க.”

சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கம்பிக் கூண்டு போட்ட ஒரு சிறிய எண்ணெய் விளக்கு, அதோடு கட்டிய பருத்திக் கயிறு, சுருட்டி வைத்தது. மேலே சுவரில் அந்தக் காலத்துத் தகரப் பலகை, வெள்ளைப் பெயிண்டில் எழுதியது:

சிறிய தொட்டி – ஆறு முடிச்சு. பெரிய தொட்டி – பன்னிரண்டு முடிச்சு. விளக்கு தரையில் அமர வேண்டும்.

முழத்துக்கு ஒரு முடிச்சாம்; மேலே கையில் பிடிக்க மூன்று சேர்த்து, கயிறு மொத்தம் பதினைந்து முடிச்சாம். தொட்டியின் இருட்டில் எண்ணுவதற்கு வசதியாக, முடிச்சுக்கு முடிச்சு அரக்குச் சிவப்பில் நூல் சுற்றியிருந்தது. “பட்டு நூல் சார் இது. எங்க தெருவுல கழிவு வாங்கியாந்து சுத்தியிருக்காங்க. நாப்பது அம்பது வருசம் ஆகியும் கலர் போவல பாருங்க” என்றாள் நந்தினி.

அக்கா கண்ணாடிக்கு வெளியே விரல் வைத்து எண்ணினாள். ஏழு. திரும்ப எண்ணினாள். ஏழுதான்.

“பன்னெண்டு இல்லியே மா?”

“அதான் மா எனக்கும் டவுட்டு. மேனேஜர் கேட்டா அறுந்து போயிருக்கும்ன்றாரு. இது அறுந்தது இல்ல. அறுந்தா இழை இழையாப் பிரிஞ்சு நீட்டிக்கினு இருக்கும், எங்க வீட்ல தெனம் பாக்கறேன். இது கத்தி வச்சு அறுத்தது, மழுங்கலா, ஒரே நேரா.”

நான் அந்தச் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்பாவின் முகம் ஞாபகமில்லை. குரல் ஞாபகமில்லை. ஆனால் ஒன்று ஞாபகம் இருக்கிறது, யாரிடமும் சொல்லாத ஒன்று. எங்கள் வீட்டு முன்னால் புங்க மரத்தில் ஒரு ஊஞ்சல். உட்கார்ந்தால் தொடையில் முடிச்சு குத்தும். முடிச்சுக்கு முடிச்சு சிவப்பாக நூல். அதைத் தொட்டுத் தொட்டுத்தான் ஒன்று, இரண்டு என்று எட்டு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டேன்.

“அக்கா, நம்ம ஊஞ்சல்...” என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். அவளுக்கு அந்த இடத்தில்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அடக்கம் முடிஞ்ச மறுநாள் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க டா. மீதிக் கயிறு எங்கன்னு கேட்டாங்க. அம்மா தெரியாதுன்னுட்டா. அவங்க போனதும் மரத்துலேருந்து ஊஞ்சலை அவுத்து அடுப்புல வெச்சிட்டா. நீ தரையில பொரண்டு அழுதே. நான் ஏம்மான்னு கேட்டதுக்கு, இனிமே அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு என் வாயைப் பொத்தினா.”

அவர் எப்படிச் செய்திருப்பார் என்று எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. நாலு பேரோடு தினம் பழகுகிறவனுக்கு மனிதர்கள் எங்கே தப்புச் செய்வார்கள் என்று தெரியும். அவருக்குச் சின்னத் தொட்டிகளில்தான் வேலை, ஆறு முடிச்சு போதும். மீதிக் கயிறு சும்மா சுருண்டு கிடக்கிறது. பிள்ளை ஊஞ்சல் கேட்கிறான். எட்டு முடிச்சை அறுத்து எடுத்து வந்துவிட்டார். அப்புறம் ஒரு நாள் பெரிய தொட்டியைக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டோரில் போய் வேறு கயிறு கேட்டால், இதற்கு என்ன ஆச்சு என்பார்கள். ஏழு முடிச்சு வரை இறக்கினார். விளக்கு எரிந்தது. போதும் என்று ஏணியில் கால் வைத்தார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. புருஷன் குடிகாரன் என்ற பேச்சை ஊர் முழுக்கச் சுமந்தாளே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! சொன்னால் கயிறு எங்கே போனது என்று வரும். என் ஊஞ்சல் வரும். பிள்ளை அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வளர வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, குடிகாரன் குடிகாரன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சுவரில் தலையை வைத்து அழுதேன். ஐம்பதைத் தொட்ட ஆள், யூனியனில் மேஜையைத் தட்டிப் பேசுகிற ஆள், ஒரு சின்னப் பெண் எதிரில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமாக இல்லை.

நந்தினி அலுவலகத்துக்கு ஓடிச் சாவி வாங்கி வந்தாள். “தொடக் கூடாதுன்னு ரூல் சார். பரவால்ல, நீங்க தொடுங்க” என்று பெட்டியைத் திறந்தாள். வெட்டுப்பட்ட முனையைக் கையில் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் கை கடைசியாகப் பட்ட பொருள் எது என்று தேடினால் அதுவும் ஒன்றுதானே.

“சார், அடுத்த பேட்ச் பன்னெண்டரைக்கு. நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள் அவள்.

அக்கா என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பற்றிச் சொன்னால், கம்பெனிக் கயிற்றை எடுத்தவர் என்ற பேச்சும் சேர்ந்து வரும். அம்மா இத்தனை வருடம் மூடி வைத்ததை நான் திறக்கலாமா? ஆனால் அம்மா மூடியது எனக்காக. எனக்கு இனிமேல் அது வேண்டியதில்லை.

“சவரிமுத்து, முசரவாக்கம். குடிக்கலன்னு சொல்லு மா. கயிறு பத்தாம செத்தாரு. ஏன் பத்தலன்னா, மகனுக்கு ஊஞ்சல் கட்ட அவரே அறுத்துக்கினு போனாரு. அந்த மகன் வந்து சொன்னாருன்னு சொல்லு” என்றேன்.

அவள் செல்போனில் அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு தடவை படித்துக் காட்டினாள்.

பன்னிரண்டு நாற்பது. மால்ட் பானத்தை வாங்காமலே வெளியே வந்தோம். வராந்தாவில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து அடுத்த கூட்டத்துக்கு அவள் பேசுவது கேட்டது. பழைய கதையின் துள்ளல் இல்லை. மெதுவாக, தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கல்லறைத் தோட்டம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். வெயிலில் நடந்தே போனோம். வழியில் பாபு கொடுத்த இருபது ரூபாய்க்குச் சாமந்தி வாங்கினேன். இத்தனை வருடத்தில் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவும் அக்காவும்தான் இங்கே வருவார்கள். எனக்கு எப்போதும் டியூட்டி இருக்கும். இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்வேன். போன வருடம் அம்மாவை இறக்கியபோதுகூடப் பக்கத்துச் சிமெண்ட் சிலுவையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். பெயரின் முதல் எழுத்து உதிர்ந்து போயிருக்கிறது. மேஸ்திரியை வைத்துச் சரி செய்ய வேண்டும்.

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. வத்தி நான்கு தடவை அணைந்தது. அக்கா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள், நான் கொளுத்தினேன். பிடித்துக்கொண்டது. பூவைச் சரிபாதி பிரித்து இரண்டு பேருக்கும் வைத்தோம்.

“ஊஞ்சல் கட்டி நாலு நாள்தான் டா அப்பா இருந்தாரு” என்றாள் அக்கா. “அன்னிக்குக் காலையில நீ எறங்கவே மாட்டேன்னுட்டே. லேட்டாகுது, லேட்டாகுதுன்னு சொல்லிக்கினே ஆட்டி வுட்டுக்கினு இருந்தாரு.”

நாலு இருபதுக்குக் காஞ்சிபுரத்தில் தாம்பரம் பஸ். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் மூன்றரைக்காவது ஆட்டோ ஏற வேண்டும். மணி தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் உட்கார்ந்தது அம்மா பக்கத்தில். மண் சூடாக இருந்தது. அதன் மேல் கையை வைத்து, “தெரிஞ்சிடுச்சு மா” என்று மட்டும் சொன்னேன்.